கேள்வி ஊறும் இடம்

பாலாற்றில் வெள்ளம் வடிந்த சில வாரங்களில், வேலூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் காய்ந்த மணலைக் கையால் தோண்டி ஊற்று எடுப்பார்கள். மேலே சுடுமணல், முழங்கை ஆழத்தில் குளிர்ந்த தண்ணீர். இவ்வளவும் கண்ட பிள்ளைகள்தாம், வகுப்பில் "சந்தேகம் இருந்தால் கேளுங்கள்" என்றால் வாய் திறப்பதில்லை.

இதற்குக் கூச்சம் மட்டுமே காரணமன்று. தெரிந்ததற்கும் தெரிய வேண்டியதற்கும் நடுவே ஓர் இடைவெளி இருப்பதை மனம் உணரும்போதுதான் அறியும் ஆவல் பிறக்கிறது என்று அமெரிக்க அறிஞர் ஜார்ஜ் லோவன்ஸ்டீன் 1994இல் விளக்கினார். ஆகவே கேள்வியைக் கேட்டு வாங்குவதற்கு முன் அந்த இடைவெளியைக் கண்ணில் காட்ட வேண்டும்.

ஒரு கண்ணாடி டம்ளரில் உலர்ந்த ஆற்று மணலை விளிம்பு வரை நிரப்பி, நான்காம் வகுப்புப் பிள்ளைகள் நடுவில் வையுங்கள். நிரம்பிவிட்டது என்று அவர்களே சொல்லட்டும். பிறகு மெல்லத் தண்ணீர் ஊற்றினால், டம்ளரின் கொள்ளளவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு உள்ளே இறங்கிவிடும்.

இப்போது ஆசிரியர் பேசாமல் இருக்க வேண்டும். எனக்குத் தெரிந்து இதுதான் மிகக் கடினமான பகுதி. ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு நொடியே காத்திருக்கிறார்கள் என்பதையும், அதை மூன்று நொடியாக நீட்டினால் பிள்ளைகளின் விடைகள் நீள்வதோடு அவர்களே கேட்கும் கேள்விகளும் கூடுகின்றன என்பதையும் அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் கண்டறிந்தார்.

முதலில் வருவது பெரும்பாலும் "தண்ணி எங்க போச்சு டீச்சர்?" என்பதாக இருக்கும். உடனே விடை சொன்னால் கேள்வி அங்கேயே வற்றிவிடும். "எதை மாற்றிப் பார்க்கலாம்?" என்று திருப்பிக் கேட்டால், "பருமணல், பொடிமணல் ரெண்டுக்கும் ஒரே அளவு தண்ணி பிடிக்குமா?" என்று அது வளரும். 'ஏன்' தாழ்ந்த கேள்வியன்று; ஆனால் அது பெரியவர் வாயைப் பார்த்து நிற்கிறது, 'எவ்வளவு', 'மாற்றினால் என்ன' என்பவற்றுக்கோ பிள்ளையின் கையே விடை தேடும்.

பருமணலே அதிகம் பிடிக்கும் எனப் பலர் நினைப்பார்கள். அதன் இடுக்குகள் பெரியவை, ஆனால் குறைவு. பொடிமணலில் சிறியவை, ஆனால் ஏராளம். அளந்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே வரும். இரண்டையும் கலந்தாலோ, பொடி பருமணலின் இடுக்கில் புகுந்துகொள்வதால் தண்ணீர் குறைவாகவே பிடிக்கும். அப்போது யாராவது ஒரு பிள்ளை கேட்கும்: "நம்ம ஆத்துல இருக்கிறது எந்த மணல் டீச்சர்?"