மலைப் பயண பைக்கில் ரேடியோவும் கூடுதல் விளக்கும்: சட்டம் எதை அனுமதிக்கிறது?

போடி, கம்பம் பக்கத்திலிருந்து மூணாறுக்கும் தேக்கடிக்கும் பைக்கில் போகிறவர்கள் பலர் சார்ஜர், போன் ஸ்டாண்டு, எல்.இ.டி. விளக்கு, வாக்கி டாக்கி என்று எதையாவது மாட்டிக்கொண்டுதான் கிளம்புகிறார்கள். குமுளி தாண்டினால் சட்டம் மாறிவிடுமோ என்ற பயமும் இருக்கிறது. 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டமும் 1989-ம் ஆண்டு மத்திய விதிகளும் எல்லைக்கு இரு பக்கமும் ஒன்றேதான்.

அடிப்படை, சட்டத்தின் 52-வது பிரிவு. ஆர்.சி. விவரங்கள் கம்பெனி கொடுத்ததிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. கேரளத்திலிருந்து போன வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை உறுதியாகச் சொன்னது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ(4) பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே. சார்ஜரும் எஃப்.எம். ரேடியோவும் ஆர்.சி.யில் உள்ள எதையும் தொடுவதில்லை. இவற்றுக்காகக் கவலைப்பட வேண்டாம் என்பது என் கருத்து.

வம்பு விளக்கில்தான். விதி 111-ன்படி, வண்டியின் முன்னால் ஸ்பாட் லைட் பொருத்தக் கூடாது. மிக விதிவிலக்கான சூழலில் மட்டும், பதிவு அதிகாரியின் முன் அனுமதியோடு பொருத்தலாம். காரணம் போடிமெட்டுக்கு ஏறினால் புரியும். அந்தப் 17 கொண்டை ஊசி வளைவுகளில் எதிரே இறங்கும் பஸ் டிரைவரின் கண்ணில் வெள்ளை வெளிச்சம் அடித்தால், அவருக்குச் சாலையோரம் எங்கே முடிகிறது என்றே தெரியாது. மூடுபனியில் அதே வெளிச்சம் திரும்பி நம் கண்ணையும் கூச வைக்கும். முன்னால் சிவப்பு விளக்கு கூடாது (விதி 108). பல ராகம் பாடும் ஹாரனும் கூடாது (விதி 119).

அப்புறம் வாக்கி டாக்கி. 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை இயங்கும் குறைந்த சக்திக் கருவிக்கு லைசென்ஸ் தேவையில்லை. 144–146 மெகாஹெர்ட்ஸில் பேச வேண்டுமானால் தேர்வு எழுதி ஹாம் ரேடியோ (பொழுதுபோக்காக வானொலித் தொடர்பில் ஈடுபடுவோருக்கான) லைசென்ஸ் வாங்கியிருக்க வேண்டும். விலை மலிவு என்று வாங்கும் முன் அலைவரிசையைப் பாருங்கள். எந்தக் கருவியானாலும், ஓட்டும்போது கையில் பிடித்துப் பேசினால் 184-வது பிரிவின்படி குற்றம். போனை வழி பார்க்க மட்டும், கவனம் சிதறாதபடி பயன்படுத்தலாம்.

வயரிங்கைச் சட்டம் சொல்லாவிட்டாலும் ஒழுங்காகச் செய்யுங்கள். 12 வோல்ட்டில் 40 வாட் கருவி சுமார் 3.3 ஆம்பியர் இழுக்கும். பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்குப் பக்கத்திலேயே 5 ஆம்பியர் ஃபியூஸ் போட்டால் போதும். ஹேண்டில்பாரை இரு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பார்த்து, கழுத்துப் பகுதியில் வயர் நசுங்கவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அங்கேதான் உறை தேய்ந்து ஷார்ட் ஆகும்.

விலை கூடிய கருவி மாட்டினால் இன்சூரன்ஸ் கம்பெனியிடம் சொல்லி, கூடுதல் பிரீமியம் கட்டி, பாலிசியில் சேர்த்துவிடுங்கள். சேர்க்காத பொருள் திருடுபோனாலும் எரிந்துபோனாலும் அதற்கான பணத்தை எதிர்பார்க்க முடியாது.