மல்டி குசின்: சொல்லும் அதன் உறவுகளும்

திருநெல்வேலியில் வண்ணார்பேட்டை, பெருமாள்புரம், பாளையங்கோட்டை என்று எந்தப் பக்கம் போனாலும் ‘மல்டி குசின் ரெஸ்டாரண்ட்’ என்ற சொல் உணவகப் பலகையில் நிற்கிறது. எழுத்துக்கூட்டுதான் கடைக்குக் கடை வேறு: மல்டி குசின், மல்ட்டி குய்சின், மல்டி குசைன். கடைப் பெயரைத் தமிழில் எழுத வேண்டும் என்ற அரசு விதிக்காக ஆங்கில ஒலியை அப்படியே தமிழ் எழுத்தில் போட்டிருக்கிறார்கள். வாசிக்க முடிகிறது, பொருள்தான் பலருக்குப் பிடிபடுவதில்லை. ‘பெரிய கடை, ஏசி இருக்கும், விலை கூட இருக்கும்’ என்ற அளவில் புரிந்துகொண்டு உள்ளே போகிறோம்.

‘மல்டி’ எளிது. பல என்ற பொருளுள்ள லத்தீன் முன்னொட்டு. பக்கத்தில் நிற்கும் ‘ரெஸ்டாரண்ட்’ பிரெஞ்சிலிருந்து வந்தது. மீட்டுத் தருவது, தெம்பூட்டுவது என்று பொருள். 18ஆம் நூற்றாண்டுப் பாரிசில் உடம்புக்குத் தெம்பு தரும் சாற்றுக்கு முதலில் வழங்கிய பெயர், பிறகு அதை விற்ற இடத்துக்கு ஆகி, கடைசியில் எல்லா உணவகங்களுக்கும் பொதுவாயிற்று. நம் கதை நடுவில் நிற்கும் ‘குசினில்’தான் இருக்கிறது.

லத்தீனில் ‘கொக்குவெரே’ என்றால் சமைத்தல். சமைக்கும் இடம் ‘கொக்கீனா’, பேச்சு வழக்கில் ‘கொசீனா’. பிரெஞ்சில் இது ‘குசின்’ பக்கமாகத் திரிந்து, முதலில் அடுக்களையையும் பிறகு அங்கே நடக்கும் சமையலையும், அதன்பின் ஒரு நாட்டுக்கோ பகுதிக்கோ உரிய சமையல் முறையையும் குறித்தது. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலம் இதைக் கடன் வாங்கியபோது கடைசிப் பொருளே முன்னுக்கு வந்தது. ஏனென்றால் அடுக்களைக்கு ஆங்கிலத்தில் ‘கிச்சன்’ ஏற்கெனவே இருந்தது. அதுவும் இதே லத்தீன் ‘கொசீனா’ பல நூற்றாண்டுகளுக்கு முன்பே செருமானிய மொழிகளுக்குள் போய்த் திரிந்த வடிவம்தான்.

இதே சொல் நம் சீமைக்குள் வேறொரு வாசல் வழியாக எப்போதோ வந்துவிட்டது. போர்த்துக்கேய மொழியில் அடுக்களைக்கு ‘குஸீஞா’ என்று பெயர். முத்துக்குளித்துறை எனப்பட்ட தூத்துக்குடிக் கரையின் பரதவர்கள் போர்த்துக்கேயரின் பாதுகாப்பை நாடியது 1530களில். பிரான்சிஸ் சவேரியார் அந்தக் கரைக்கு வந்தது 1542இல். டச்சுக்காரர்கள் 1658இல் தூத்துக்குடியைப் பிடிக்கும்வரை போர்த்துக்கேயரின் கை அங்கே ஓங்கியிருந்தது. ஜன்னல், அலமாரி, சாவி, மேசை, கோப்பை எல்லாம் தமிழுக்குள் வந்த அதே வழியில் வந்தது ‘குசினி’. கடற்கரைப் பங்குகளில் பாதிரியார் வீட்டுச் சமையல்காரரைக் குசினிக்காரர் என்பார்கள். ஈழத்தில் இன்றும் அடுக்களைக்கு அன்றாடச் சொல் குசினிதான். புதுச்சேரியில் பிரெஞ்சு ஆட்சியும் இந்தச் சொல்லுக்கு வலுச் சேர்த்திருக்கும். தூத்துக்குடி தனி மாவட்டமானது 1986இல்தான். அதற்கு முன் அந்தக் கரை திருநெல்வேலி மாவட்டமே. ஆக, பலகையில் இருக்கும் ‘குசினுக்கு’ நாலு நூற்றாண்டு மூத்த அக்கா நம் மாவட்டத்துக்குள்ளேயே இருந்திருக்கிறாள். இது எனக்கு உண்மையிலேயே பெருமகிழ்ச்சி தரும் செய்தி.

உறவு அதோடு முடியவில்லை. லத்தீன் ‘கொக்குவெரே’யும் சமற்கிருதத்தில் சமைத்தலைக் குறிக்கும் ‘பச்’ என்ற வேரும் ஒரே மூலத்திலிருந்து கிளைத்தவை என்பது மொழியியலாளர்கள் ஏற்ற முடிவு. அந்த ‘பச்’சிலிருந்து வந்தவை பாகமும் பக்குவமும். நளபாகம் என்கிறோமே, அந்தப் பாகம். கைப்பக்குவம் என்கிறோமே, அந்தப் பக்குவம். குக்கர், கிச்சன், குசினி, குசின், பக்குவம் எல்லாம் ஒரே குடும்பம்.

தமிழுக்கே உரிய வேர் ‘அடு’. அடுதல் என்றால் சமைத்தல். அடுப்பு, அடுக்களை, அட்டில், அடிசில் எல்லாம் இதன் வழி வந்தவை. இதில் அடுப்பும் அடுக்களையும் நெல்லை வீடுகளில் இன்னும் உயிரோடு இருக்கின்றன. ‘மடை’ என்ற சொல்லும் சமையலைக் குறித்தது. கோவில் மடைப்பள்ளியில் அது தங்கிவிட்டது. மணிமேகலையில் கணிகையர் கற்கும் கலைகளின் வரிசையில் ‘மடைநூல் செய்தி’ வருகிறது, அதாவது சமையற்கலை நூல்.

‘மல்டி குசினுக்கு’ ஏறக்குறைய நேர் நிற்கும் தொடர் சிறுபாணாற்றுப்படையில் இருக்கிறது. மன்னன் நல்லியக்கோடன் பாணர்க்கு அளிக்கும் விருந்தைச் சொல்லுமிடத்தில், பாரதத்து வீமன் இயற்றிய ‘நுண்பொருட் பனுவலின் வழாஅப் பல்வேறு அடிசில்’ என்கிறார் அதைப் பாடிய புலவர் நத்தத்தனார். சமையல் நூல் சொன்ன முறை பிசகாமல் ஆக்கிய பலவகை உணவு. பலவகை, முறை என்ற இரண்டு கருத்தும் அந்த ஓரடியில் இருக்கின்றன. ‘அடிசில்’ பேச்சில் மறைந்துபோனதால் அதையே பலகைக்குப் பரிந்துரைக்க மாட்டேன்.

இன்றைக்கு என்ன சொல்லலாம்? ‘பல்சுவை உணவகம்’ என்று சிலர் எழுதுகிறார்கள். காதுக்கு இனிமைதான், ஆனால் சுவை வேறு, சமையல் முறை வேறு. ஒரு நெல்லைச் சாப்பாட்டு இலையிலேயே பல சுவையும் இருக்கும். ‘பன்னாட்டு உணவகம்’ என்றால் செட்டிநாடும் ஆந்திராவும் வெளியே போய்விடும். ‘பலவகை உணவகம்’ தவறில்லை, ஆனால் இட்லி, தோசை, பொங்கல் மூன்றும் போடும் கடைக்கும் அது பொருந்தும்.

தமிழர்கள் ஒரு சமையல் முறையை எப்படிக் குறிப்பிடுகிறோம் என்று பார்த்தால் விடை தானாக வரும். செட்டிநாட்டுச் சமையல், நாஞ்சில்நாட்டுச் சமையல், கொங்குச் சமையல், மலையாளச் சமையல். ஊரையோ நாட்டையோ முன்னால் வைத்துச் ‘சமையல்’ என்போம். கைப்பக்குவம் ஆளுக்கு உரியது, சமையல் ஊருக்கு உரியது. இந்த வேறுபாட்டைத் தமிழ் மிகத் தெளிவாக வைத்திருக்கிறது. எனவே என் தேர்வு ‘பலவூர்ச் சமையல்’. ‘பல்லூர்’ என்று சேர்த்தால் ஏதோ ஊர்ப்பெயர் போலத் தோன்றும், ‘பலவூர்’ என்றால் குழப்பமில்லை. பலகையில் ‘பலவூர்ச் சமையல் உணவகம்’ என்று எழுதினால் பள்ளிப் பிள்ளையும் புரிந்துகொள்ளும்.

அந்தப் பல ஊர்களில் நம்மூர் இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. இப்படியொரு கடையில் உட்கார்ந்தால் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் போகும்.

“என்ன சாப்பிடுதிய அண்ணாச்சி? சைனீஸ் இருக்கு, நார்த் இண்டியன் இருக்கு, தந்தூரி இருக்கு.”

“நம்மூர்ச் சமையல் என்ன தம்பி இருக்கு?”

“மத்தியானம்னா மீல்ஸ் இருக்கும் அண்ணாச்சி.”

மீல்ஸோடு முடிந்துவிடுகிறது நெல்லை. சொதி இல்லை, கூட்டாஞ்சோறு இல்லை, உளுந்தங்களி இல்லை. மஞ்சூரியனுக்கு மட்டும் பட்டியலில் அரைப் பக்கம். அதுகூடச் சீனாவின் மஞ்சூரியாவிலிருந்து வந்ததல்ல, 1970களில் பம்பாயில் நெல்சன் வாங் என்ற சமையற்காரர் உருவாக்கியதாகச் சொல்லப்படுவது.

சொதியைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும். மறுவீட்டு விருந்தில் மாப்பிள்ளைக்கு வைப்பதால் மாப்பிள்ளைச் சொதி என்றும் பெயர். தேங்காயைத் துருவி மூன்று பால் எடுப்பார்கள். மூன்றாம் பாலிலும் இரண்டாம் பாலிலும் பீன்ஸ் போன்ற காய் வேகும். வேகவைத்த பாசிப்பருப்பு சேரும், இஞ்சியும் பச்சைமிளகாயும் அரைத்துவிடுவார்கள், பூண்டு முழுசாகக் கிடக்கும். கெட்டியான முதல் பாலைக் கடைசியில் ஊற்றி, கொதிக்க விடாமல் இறக்கிவிடுவார்கள். கொதித்தால் திரிந்துபோகும். எலுமிச்சை பிழிவது இறக்கிய பிறகுதான். தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடியும் உருளைக்கிழங்கும். இதில் பச்சைமிளகாய், உருளைக்கிழங்கு, பீன்ஸ் மூன்றுமே அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள், ஐரோப்பியர் கப்பலேறிய பிறகே இங்கே வந்தவை. இலங்கையிலும் சொதி உண்டு, அங்கே அது இன்னும் மெலிதாக, மஞ்சள் நிறத்தில் இருக்கும். அல்வாவின் பெயர் அரபு, தூத்துக்குடி மக்ரூனின் பெயர் ஐரோப்பியம். இவ்வளவும் கலந்து ஆனதே நம்மூர்ச் சமையல். பலவூர்ச் சமையல் என்று பலகை வைக்கும் கடைக்காரர்கள் இதற்கும் பட்டியலில் ‘நெல்லைச் சமையல்’ என்று ஒரு தலைப்புக் கொடுக்க வேண்டும். மனமார்ந்த வேண்டுகோள் இது.

கடைசியாக, இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளும் இன்னொரு சொல் ‘ஃபியூஷன்’. உருக்கி ஒன்றாக்குதல் என்பது அதன் மூலப்பொருள். வெவ்வேறு ஊர்ச் சமையலைத் தனித்தனித் தட்டில் தருவது பலவூர்ச் சமையல். ஒரே தட்டில் இரண்டை இணைத்துப் புதிதாக ஒன்றை ஆக்குவது ஃபியூஷன், அதற்குக் ‘கலப்புச் சமையல்’ என்பது போதும். செஸ்வான் தோசையும் பன்னீர் தோசையும் கலப்புச் சமையல். தோசையும் ஃபிரைடு ரைசும் ஒரே கடையில் தனித்தனியே கிடைத்தால் அது பலவூர்ச் சமையல்.