கூடியது கட்டடமா, சபையா?

"தடைக்குப் பிறகு அந்தக் கருப்பு தேவாலயம் 31 ஆண்டுகள் ரகசியமாகக் கூடியது." போன வாரம் ஒரு மொழிபெயர்ப்பில் படித்த வரி. ஆங்கிலத்தின் 'பிளாக் சர்ச்' தமிழில் இப்படி ஆகியிருக்கிறது. கட்டடம் எப்படிக் கூடும்? கருப்புச் சாயம் பூசிய கட்டடமா அது?

'சர்ச்' என்பதன் வேர், 'ஆண்டவருக்கு உரியது' என்னும் பொருளுள்ள கிரேக்கச் சொல். ஆனால் புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் இருப்பது 'எக்ளீசியா', அதாவது கூடிவந்த மக்கள். தமிழ் வேதாகமம் அதைச் 'சபை' என்றது. பவுலின் நிருபங்களில் வீட்டிலே கூடுகிற சபை உண்டு. "நீங்க எந்தச் சபைக்குப் போறீங்க?" என்று இன்றும் கேட்கிறோம். கத்தோலிக்கருக்குத் திருச்சபை.

அந்த வரி குறிப்பிடுவது அமெரிக்காவில், தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனில் உள்ள எமனுவேல் சபையை. அடிமைகளின் கிளர்ச்சிக்குத் திட்டமிட்டதாக, அதன் முன்னோடிகளுள் ஒருவரான டென்மார்க் வீசி என்பவர் 1822-இல் தூக்கிலிடப்பட்டார். வழிபாட்டிடத்தை அழித்தார்கள். 1834-இல் கருப்பினத்தவர் தனியாகச் சபை நடத்தவே தடை வந்தது. 1865 வரை மறைவாகக் கூடினார்கள். பிறகு எழுப்பிய மரக்கட்டடம் 1886 நிலநடுக்கத்தில் பாழானது. இன்றுள்ள கட்டடம் 1891-இல் வந்தது. தேவாலயம் போய்ப் போய் வந்தது. சபை ஒருநாளும் கலையவில்லை. 'தேவாலயம்' என்று எழுதினால் இந்த வரலாறே காணாமல் போகிறது.

'சபை' வடசொல்லாயிற்றே என்பார்கள். தேவாலயம் மட்டும் என்ன? தேவ, ஆலயம் இரண்டுமே வடமொழிதான். தூய்மையும் இல்லை, தெளிவும் இல்லை என்றால் அந்தச் சொல்லை ஏன் பிடித்துத் தொங்க வேண்டும்?

கட்டடத்தைச் சொல்லும்போது தேவாலயம் சரியே. 1963-இல் அமெரிக்காவின் பர்மிங்காமில் குண்டு வைத்து நான்கு சிறுமிகளைக் கொன்றது தேவாலயத்தில். 1962-இல் மார்ட்டின் லூதர் கிங் பேசியது எமனுவேல் தேவாலயத்தில். ஆனால் 1969-இல் சார்ல்ஸ்டன் மருத்துவமனைப் பணியாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்கள் பக்கம் நின்றது எமனுவேல் சபை.

அகராதியில் முதலில் கண்ட சொல்லை எடுத்து ஒட்டிவிடுகிறார்கள். அதே கட்டுரையில் 'தேவாலய உறுப்பினர்கள்' என்றும் இருந்தது. சபையார் என்ற நல்ல சொல் இருக்கிறதே! 'குடியுரிமைப் போராட்டம்' என்றும் இருந்தது. அமெரிக்கக் கருப்பினத்தவருக்குக் குடியுரிமை 1868-லேயே சட்டத்தில் கிடைத்துவிட்டது. அவர்கள் போராடியது குடிமை உரிமைகளுக்காக, அதாவது குடிமக்கள் எல்லோருக்கும் உரிய சம உரிமைகளுக்காக.

'கருப்பினத்தவர் சபை' என்று எழுதுங்கள். அமெரிக்கக் கருப்பினச் சபைகள் அனைத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டுமானால் 'கருப்பினத் திருச்சபைகள்'.