ஓதக்குட்டை: பெயரும் பொருளும்

பாறைக் கரையில் கடல் மட்டம் ஏறும்போது பள்ளங்களெல்லாம் மூழ்கிவிடும். மட்டம் இறங்கியதும் சில பள்ளங்களில் மட்டும் கடல்நீர் தங்கிவிடும். அந்த நீரும் அதில் குடியிருக்கும் உயிர்களும் சேர்ந்ததுதான் ஆங்கிலத்தில் ‘டைட்பூல்’. இதற்கு ஓதக்குட்டை என்பதே பொருத்தமான தமிழ்.

‘டைட்’ தொடக்கத்தில் கடலோடு தொடர்பே இல்லாத சொல். பழைய ஆங்கிலத்தில் அதற்கு நேரம், பொழுது என்று பொருள். ஜெர்மன் மொழியில் நேரத்தைக் குறிக்கும் ‘ட்ஸைட்’ அதன் உறவுக்காரச் சொல். பொழுது தவறாமல் ஏறி இறங்கும் கடலுக்கு அந்தப் பெயர் பிற்பாடுதான் வந்து ஒட்டியது.

தமிழின் ‘ஓதம்’ நேரத்தைப் பார்க்கவில்லை, நீரைப் பார்க்கிறது. பழைய பாட்டுகளில் அது கடலையும் அலையையும் குறிக்கும். சுவரில் ஊறி ஏறும் ஈரமும் ஓதம்தான். உடம்பில் நீர் கோத்து வரும் ஒருவகை வீக்கத்துக்கும் அதே பெயர். பள்ளிப் புவியியல் பாடத்தில் கடல் மட்டம் ஏறி நிற்பதை உயர் ஓதம், இறங்கி நிற்பதைத் தாழ் ஓதம் என்று படித்திருப்போம். ஆகவே புதுச்சொல் தேடி அலைய வேண்டியதில்லை.

‘அலைக்குட்டை’ என்றால் என்ன குறை? அலையைப் பெரும்பாலும் காற்று எழுப்புகிறது. ஓதம் நிலவும் சூரியனும் ஈர்ப்பதால் வருவது. பெரும்பாலான கரைகளில் ஓர் உயர் ஓதத்துக்கும் அடுத்ததற்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம் ஆகும். குட்டைக்குப் புதுநீர் வருவது அந்தக் கணக்கில்தான். ‘பாறைக்குட்டை’ பரவாயில்லை, ஆனால் மழைநீர் தேங்கினாலும் அது பாறைக்குட்டையே. ‘சுனை’ அழகான சொல். என்ன செய்வது, அது மலையில் ஊறும் நன்னீருக்குப் போய்விட்டது.

‘குட்டை’ என்றதும் குழம்பிய குட்டையில் மீன் பிடிப்பவர் நினைவுக்கு வரலாம். இந்தக் குட்டையைக் குழப்பினால் மீன் கிடைக்காது, இருப்பதும் போய்விடும். வெயிலில் இதன் நீர் சீக்கிரம் சூடாகும், ஆவியாகி உப்பும் கூடும். மழை பெய்தால் உப்பு சட்டென்று குறையும். இவ்வளவையும் தாங்கும் உயிர்களுக்கு மனிதக் கை தாங்காது. லிம்பெட் என்ற கூம்புச் சிப்பியைப் பாருங்கள். அதில் சில இனங்கள் மேய்ந்துவிட்டு பாறையில் தனக்கென்று இருக்கும் அதே தழும்புக்குத் திரும்பும். ஓட்டின் விளிம்பு அந்த இடத்துக்கு ஏற்றபடி தேய்ந்து பொருந்தியிருக்கும். நெம்பி எடுத்து வேறிடத்தில் வைத்தால் விளிம்பு பொருந்தாது, நீர் கசிந்து உள்ளே உலர்ந்துபோகும். நட்சத்திர மீனை இழுத்தால் அதன் குழாய்க்கால்கள் பாறையோடு அறுந்து நிற்கும்.

ஒன்றை எடுத்தால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்குச் சூழலியலாளர் ராபர்ட் பெயினின் சோதனை பதில் சொல்லும். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலக் கரையில் ஒரு துண்டுப் பாறையிலிருந்து நட்சத்திர மீன்களை மட்டும் அவர் தொடர்ந்து அகற்றிவந்தார். இரையாகிக்கொண்டிருந்த மட்டிச் சிப்பிகள் பெருகி மற்றவற்றை நெருக்கித் தள்ளின. 15 இனங்கள் இருந்த இடத்தில் 8 மிஞ்சின என்று 1966-ல் எழுதினார். யாரோ ஒருவர் ஒரு நட்சத்திர மீனை எடுப்பதும் இந்தச் சோதனையும் ஒன்றல்லதான். ஆனால் கூட்டம் வரும் கரையில் ஆளுக்கு ஒன்று என்றால் கணக்கு வேறு.

சரி, எப்படிப் பார்ப்பது? குனிந்து, நிழல் நீரில் விழாமல், சற்று நேரம் அசையாமல் இருந்தால் ஒளிந்தவை தாமே வெளியே வரும். கல்லைப் புரட்டினால் மெதுவாகப் பழையபடியே கவிழ்த்து வைக்க வேண்டும்; இல்லாவிட்டால் அடிப்பக்கத்தில் ஒட்டியவை வெயிலில் காய்ந்துவிடும், மேல்பக்கப் பாசிக்கு வெளிச்சம் போய்விடும். காலிச் சங்கைக்கூட விட்டுவிடலாம், துறவி நண்டுக்கு அது வருங்கால வீடு. வாளியில் பிடித்துவைத்துப் பார்ப்பது வேண்டவே வேண்டாம். வாளியின் கொஞ்ச நீர் குட்டையைவிடச் சீக்கிரம் சூடாகும். பொந்துக்குள் கை விடாமலிருப்பது நமக்கும் நல்லது. ஆஸ்திரேலியக் குட்டைகளில் இருக்கும் நீலவளைய ஆக்டோபஸின் நஞ்சுக்கு முறிமருந்து இல்லை.

தாழ் ஓதத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே இறங்கி, மட்டம் மறுபடி ஏறத் தொடங்கியதும் கரையேறிவிட வேண்டும். அந்த நேரம் நாளுக்கு ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும் என்பதால் நேற்றைய கணக்கை நம்பாமல் அன்றன்றைய ஓத அட்டவணையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.