எந்தத் தண்ணீரில் அளந்தீர்கள்?

பனாமா கால்வாயின் பழைய லாக் (நீர்மட்டத்தை ஏற்றி இறக்கிக் கப்பலைக் கடத்தும், கதவுள்ள தொட்டி) ஒன்றில் நிற்கும் சரக்குக் கப்பலின் பிரிட்ஜ் (கப்பலை ஓட்டும் மேல்தளம்) ஓரத்திலிருந்து கீழே எட்டிப் பார்த்தால் வயிற்றைக் கலக்கும். லாக்கின் அகலம் 33.53 மீட்டர், அதற்கேற்பக் கட்டப்படும் பனாமாக்ஸ் வகைக் கப்பலின் அகலம் 32.31 மீட்டர். ஆக, பக்கத்துக்கு இரண்டு அடிதான் இடைவெளி. 1914இல் திறந்த கால்வாயின் அந்தச் சுவர்கள்தான் நூறு வருடமாக உலகக் கப்பல்களின் இடுப்பளவைத் தீர்மானித்தன. அமெரிக்காவின் அயோவா வகைப் போர்க்கப்பல்கள்கூட அதற்குள் நுழையும்படிதான் வடிவமைக்கப்பட்டன.

நீளமும் அகலமும் கட்டும்போதே முடிவாகிவிடும். நம்மைத் தடுமாற வைப்பது டிராஃப்ட், அதாவது கப்பல் தண்ணீருக்குள் அமிழ்ந்திருக்கும் ஆழம். அது ஒவ்வொரு பயணத்திலும் மாறும்.

ஒருமுறை இளம் அதிகாரி ஒருவர் கணக்குப் போட்டுக் கொண்டுவந்தார்: 12.04 மீட்டர், பனாமாவின் பழைய லாக்குகளின் வரம்புக்குச் சரியாக இருந்தது. "எந்தத் தண்ணீரில்?" என்று கேட்டேன். முழித்தார். அவர் கணக்குப் போட்டது கடல்நீருக்கு. கால்வாயில் இருப்பதோ காட்டூன் ஏரியின் நன்னீர். அடர்த்தி குறைவு என்பதால் அதே சுமையோடு கப்பல் சுமார் 30 செ.மீ. கூடுதலாக அமிழும். இதோடு கப்பல் ஒரே ஒரு டிகிரி பக்கவாட்டில் சாய்ந்திருந்தால் தாழ்ந்த பக்கம் இன்னும் 28 செ.மீ. இறங்கும். இரண்டும் சேர்ந்தால் அரை மீட்டருக்கு மேல். அப்புறம் எங்கே உள்ளே விடுவார்கள்?

வரம்பும் நிலையானதல்ல. 2016இல் திறந்த புதிய லாக்குகளில் 50 அடி டிராஃப்ட் வரை அனுமதி உண்டு. 2023 வறட்சியில் ஏரி வற்றியதும் அதை 44 அடியாகக் குறைத்தார்கள். பழைய சுற்றறிக்கையை நம்பிச் சரக்கு ஏற்றாதீர்கள்.

சூயஸில் லாக்கே கிடையாது, அதனால் நீளத்துக்குப் பெரிய தடையில்லை. கப்பலின் அகலம் 50 மீட்டர் வரை என்றால் 20.1 மீட்டர் டிராஃப்ட் அனுமதி. அகலம் கூடக்கூட இது குறையும். ஆனால் அனுமதிக்குள் இருந்தால் ஆபத்தில்லை என்று அர்த்தமில்லை. 2021 மார்ச்சில் ஆறு நாள் குறுக்கே கிடந்த 400 மீட்டர் எவர் கிவன், வரம்பை மீறாமல் அனுமதியோடு நுழைந்த கப்பல்தான்.

இன்னொன்று, பலரும் மறப்பது. டிராஃப்டைக் குறைக்கச் சரக்கையோ பல்லாஸ்ட் நீரையோ (கப்பல் நிலையாக நிற்கத் தொட்டிகளில் நிரப்பும் நீர்) இறக்கினால் கப்பல் மேலே எழும்பும். பனாமாவில் அமெரிக்காஸ் பாலத்தின் கீழே போக நீர்மட்டத்திலிருந்து மாஸ்ட் (கப்பலின் உயரக் கம்பம்) நுனிவரை 57.91 மீட்டர்தான் அனுமதி. அடிப்பக்கம் தப்பித்ததும் தலையை அளந்து பாருங்கள், ஆன்டெனாவையும் சேர்த்து.