காட்டிக்கொடுத்தல்: துரோகம் இல்லை, இரண்டகமும் இல்லை

பெரிய வெள்ளி ஆராதனை. ஆங்கிலப் பிரசங்கத்தைத் தமிழில் சொன்னவர், “யூதாஸ் இயேசுவுக்கு நம்பிக்கைத் துரோகம் செய்தான்” என்றார். ஒரு முறை என்றால் விட்டிருப்பேன். ஏழெட்டு முறை சொன்னார். அப்புறம் இன்னொரு சீடன் பேதுரு வந்தான். அவன் செய்ததும் துரோகமாகிவிட்டது.

கிரேக்க மூலத்தில் இருப்பது ‘பாராதிதோமி’. கையில் கொடு, ஒப்படை என்று பொருள். நம் பழைய வேதாகமத்தில் அது ‘காட்டிக்கொடுத்தான்’. இதைவிடப் பொருத்தமாக எந்த மொழியில் அமைந்திருக்கும் என்று தெரியவில்லை. இரவு நேரம், தோட்டம், பந்தங்களோடு வந்த கூட்டம். நான் யாரை முத்தஞ்செய்வேனோ அவர்தான் என்று யூதாஸ் முன்கூட்டியே அடையாளம் சொல்லியிருந்தான். முதலில் காட்டினான், பிறகு கொடுத்தான். முப்பது வெள்ளிக்காசு. நடந்தது முழுவதும் ஒரே வினைச்சொல்லில் அடங்கிவிடுகிறது.

இன்னொன்றும் உண்டு. தம் சொந்தக் குமாரனை நமக்காகப் பிதா ‘ஒப்புக்கொடுத்தார்’ என்று ரோமர் 8:32இல் வருகிறதே, அங்கும் மூலத்தில் இதே சொல்தான். காட்டிக்கொடுத்தான், ஒப்புக்கொடுத்தார்: இரண்டிலும் ‘கொடு’ நிற்கிறது. துரோகம் என்று மாற்றினால் அந்த இழை அறுந்துவிடும். துரோகம் வெறும் தீர்ப்பு. என்ன செய்தான் என்பதை அது சொல்லாது. யூதாசைத் துரோகி என்றே குறிக்கும் இடம் லூக்கா 6:16; அங்கே கிரேக்கச் சொல்லும் வேறு.

துரோகம் வடசொல், ஆகவே ‘இரண்டகம்’ என்று எழுது என்கிறார் தனித்தமிழ் நண்பர் ஒருவர். நல்ல சொல்தான், மறுக்கவில்லை. ‘உண்ட வீட்டுக்கு இரண்டகம்’ என்று ஊரில் சொல்வதுண்டு. அன்று பந்தியில் கூட உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனவனுக்கு அது பொருந்தவும் பொருந்தும். ஆனால் அது உள்ளே இருக்கும் இரட்டை மனதைச் சொல்கிற சொல். சபையில் அப்பமும் ரசமும் பகிரும் இராப்போஜனத்தின்போது “அவர் காட்டிக்கொடுக்கப்பட்ட அன்று இராத்திரியிலே” என்று வாசிக்கிறோம். அந்த இடத்தில் ‘இரண்டகம் செய்யப்பட்ட இராத்திரியிலே’ என்று போட்டுப் பாருங்கள். பின்வரிசைப் பாட்டி என்ன என்று திரும்பிக் கேட்பார். தூய்மைக்கு வடசொல்லை நீக்குவது சரி. முழுக்க முழுக்கத் தமிழாகவே இருக்கிற காட்டிக்கொடுத்தலை எதற்கு நீக்க வேண்டும்?

பேதுரு செய்தது வேறு. அவன் யாரையும் யார் கையிலும் கொடுக்கவில்லை. கரிநெருப்பில் குளிர்காய்ந்துகொண்டு, இயேசுவைத் தெரியாது என்றான். அதற்கு மறுதலித்தல் என்று தனிச்சொல் இருக்கிறது. மூன்று தரம் மறுதலித்தவனிடம் பிறகு, இன்னொரு கரிநெருப்பருகே, “என்னை நேசிக்கிறாயா” என்று இயேசு மூன்று தரம் கேட்டார். மன்னித்தேன் என்ற சொல் அங்கே வரவே இல்லை. ஆடுகளை மேய்க்கச் சொன்னார். எல்லாவற்றையும் துரோகம் என்று சொல்லிவிட்டால் இந்த மூன்றுக்கு மூன்று எப்படிப் புரியும்?

மொழிபெயர்ப்பவர்கள் ஆங்கில அகராதியைப் பார்க்கிறார்கள், மடியில் இருக்கும் வேதாகமத்தைப் பார்ப்பதில்லை. அதில் யூதாசே தன் வாயால், “குற்றமில்லாத இரத்தத்தை நான் காட்டிக்கொடுத்ததினால் பாவஞ்செய்தேன்” என்கிறான். முத்தமிட வந்தபோது இயேசு அவனை அழைத்த சொல்லும் அதிலேயே இருக்கிறது: “சிநேகிதனே.”