பொறியியல் கலந்தாய்வு: சாய்ஸ் பட்டியலை எந்த வரிசையில் போடுவது, ஏன்?

மதிப்பெண் இருந்தும் சீட்டைக் கோட்டைவிடுவது பெரும்பாலும் இரண்டு இடங்களில் நடக்கிறது. ஒன்று, சாய்ஸ் பட்டியல் (சேர விரும்பும் கல்லூரி, பாடங்களின் வரிசை) போடும்போது. இன்னொன்று, அலாட்மெண்ட் (இட ஒதுக்கீட்டு ஆணை) வந்தபின் அதை உறுதி செய்யும்போது. இரண்டிலும் விதி தெளிவாகவே இருக்கிறது. ஆனால் அந்த விதியைச் சுற்றி உலவும் "டெக்னிக்"குகள் பிள்ளைகளைத் திசைதிருப்பி விடுகின்றன.

தமிழ்நாடு பொறியியல் சேர்க்கையை இப்போது நடத்துவது தொழில்நுட்பக் கல்வி இயக்ககம். 2018 வரை அண்ணா பல்கலைக்கழகம் நடத்தியது. அந்த ஆண்டுதான் கலந்தாய்வு முழுக்க இணையவழிக்கு மாறியது. நுழைவுத் தேர்வு கிடையாது. பிளஸ் 2 கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று சுருக்கி, 200க்குக் கட்-ஆஃப் போடுகிறார்கள். அரசுக் கல்லூரி இடங்கள் முழுவதும் இங்கே வரும். தனியார் கல்லூரிகளில் சிறுபான்மைக் கல்லூரி என்றால் 50 சதவீதமும், மற்றவற்றில் 65 சதவீதமும் அரசு ஒதுக்கீடாக வரும். மீதியை நிர்வாகமே நிரப்பிக்கொள்ளும். அதற்கும் கலந்தாய்வுக்கும் தொடர்பில்லை.

ஒரே கட்-ஆஃப் பலருக்கு இருக்கும். அப்போது யார் முன்னால்? முதலில் கணித மதிப்பெண், அடுத்து இயற்பியல், பிறகு நான்காவது விருப்பப் பாடம், பிளஸ் 2 மொத்தம், பத்தாம் வகுப்பு மொத்தம், பிறந்த தேதி (வயதில் மூத்தவருக்கு முன்னுரிமை), கடைசியில் கணினி கொடுக்கும் ரேண்டம் எண். வேதியியலை ஏன் விட்டுவிட்டார்கள் என்று பலர் கேட்பதுண்டு. கட்-ஆஃபும் கணிதமும் இயற்பியலும் சமமாகிவிட்டால் வேதியியல் தானாகவே சமமாகிவிடும், அதனால்தான். ரேண்டம் எண் பெரிதாக இருப்பவர் முன்னால் போவார். அந்த எண்ணைப் பார்த்துப் பயப்படவோ குதிக்கவோ ஒன்றுமில்லை. மற்ற ஆறும் சமமாக இருந்தால்தான் அதற்கு வேலையே வரும்.

தரவரிசை வந்தவுடன் சரிபார்க்க வேண்டியது மூன்று: மதிப்பெண், சாதிப் பிரிவு, சிறப்பு ஒதுக்கீட்டுக் குறிப்பு. தவறிருந்தால் குறை தெரிவிக்கச் சில நாள்கள் கொடுப்பார்கள். அந்த நாள்கள் போய்விட்டால் பிறகு யாரைப் பிடித்தும் பயனில்லை.

இனி பட்டியல். கணினி செய்வது மிக எளிய வேலை. கலந்தாய்வு தரவரிசைப்படி சில சுற்றுகளாக நடக்கும். ஒரு சுற்றில் இருப்பவர்களைத் தரவரிசைப்படி ஒவ்வொருவராக எடுக்கிறது. உங்கள் முறை வரும்போது உங்கள் பட்டியலை மேலிருந்து கீழே பார்த்து, எது காலியாக இருக்கிறதோ அதில் முதலாவதை உங்களுக்குக் கொடுத்துவிட்டு அடுத்தவரிடம் போகிறது. அவ்வளவுதான். அந்தக் கல்லூரியை நீங்கள் முதலாவதாகப் போட்டீர்களா நாற்பதாவதாகப் போட்டீர்களா என்பது கல்லூரிக்கும் தெரியாது, கணினியும் அதற்கு மதிப்பெண் கொடுப்பதில்லை. உங்களுக்கும் அடுத்தவருக்கும் நடுவே நிற்பது தரவரிசை மட்டுமே.

ஓர் உதாரணம் பார்ப்போம். ஒரு மாணவிக்கு 'அ' கல்லூரியில் கணினி அறிவியல் வேண்டும். "அதெல்லாம் நமக்குக் கிடைக்காது, முதல் சாய்ஸை வீணாக்காதே" என்று யாரோ சொல்ல, 'ஆ' கல்லூரியின் ஐ.டி.யை முதலில் போட்டு, 'அ'வை இரண்டாவதாக வைக்கிறார். அவர் முறை வரும்போது 'அ'வில் அவர் பிரிவில் ஓர் இடம் மிச்சம் இருக்கிறது. ஆனால் கணினி மேலிருந்துதான் பார்க்கும். 'ஆ' காலியாக இருக்கிறது, அதையே கொடுத்துவிடுகிறது. 'அ'வின் அந்த இடம் அவருக்கு அடுத்த தரவரிசையில் இருப்பவருக்குப் போகிறது. சரி, அப்வர்டு (இடம் காலியானால் பட்டியலில் மேலே உள்ள சாய்ஸுக்கு மாறுவது) கேட்டு மேலே போகலாமே என்றால் அதுவும் முடியாது. அப்வர்டில் பார்ப்பது, கிடைத்த சாய்ஸுக்கு மேலே இருப்பவற்றை மட்டும். அவருக்கு மேலே எதுவுமே இல்லை.

நேர்மாறாக 'அ'வை முதலில் போட்டு, அது கிடைக்காமல் போயிருந்தால்? அதே நொடியில் கணினி இரண்டாவதற்கு இறங்கி 'ஆ'வைக் கொடுத்திருக்கும். நட்டம் எதுவும் இல்லை. ஆகவே உண்மையில் எதை எதற்கு மேலாக விரும்புகிறீர்களோ அதே வரிசையில் போடுவதுதான் சுயநலத்துக்கும் நல்லது. இந்த விதியில் தந்திரம் செய்பவருக்கு லாபம் இல்லை. தந்திரம் தெரியாதவருக்கு நட்டமும் இல்லை.

"முதல் சாய்ஸை வீணாக்காதே" என்ற பயம் அடியோடு ஆதாரமற்றதும் அல்ல, வேறு விதிமுறைகளில் அது நிஜம். அமெரிக்காவின் பாஸ்டன் நகர அரசுப் பள்ளிகளில் 2005 வரை, ஒரு பள்ளியை முதல் விருப்பமாகப் போட்டவர்களுக்கே முதலில் இடம் கொடுத்து, மிச்சத்தைத்தான் இரண்டாவதாகப் போட்டவர்களுக்குக் கொடுத்தார்கள். அங்கே ஆசைப்பட்டதை முதலில் போட்டுத் தவறினால், இரண்டாவது பள்ளியும் அதற்குள் நிரம்பியிருக்கும். விவரம் தெரிந்த பெற்றோர் கூடிப் பேசிக் கணக்குப் போட்டு நிரப்பினார்கள். தெரியாதவர்கள் மனதில் பட்டதை எழுதி ஏமாந்தார்கள். பொருளாதார அறிஞர்கள் இதைச் சுட்டிக்காட்டியபின் விதியே மாற்றப்பட்டது. நம் கலந்தாய்வு அந்தப் பழைய பாஸ்டன் முறை அல்ல.

எத்தனை சாய்ஸ் வேண்டுமானாலும் போடலாம், வரம்பில்லை. தரவரிசையில் பின்னால் இருப்பவர் பத்து பதினைந்தோடு நிறுத்துவது பெரிய தவறு. முந்தைய ஆண்டில் ஒவ்வொரு கல்லூரியிலும் பாடவாரியாக, பிரிவுவாரியாகக் கடைசியாகச் சேர்ந்தவரின் கட்-ஆஃப் இணையதளத்திலேயே கிடைக்கும். உங்கள் கட்-ஆஃபுக்கு மேலே சில, அதை ஒட்டிப் பல, கீழே தாராளமாக என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு கட்டுப்பாடு போதும்: கிடைத்தாலும் சேரமாட்டேன் என்று நினைக்கும் கல்லூரியைப் பட்டியலில் சேர்க்கவே வேண்டாம்.

கல்லூரிப் பெயரை மட்டும் பார்த்துப் போடாமல் குறியீட்டு எண்ணையும் பாருங்கள். ஏறத்தாழ ஒரே பெயரில் கல்லூரிகள் உண்டு. அண்ணா பல்கலைக்கழகத்துக்குள்ளேயே கிண்டி வளாகத்துக்கு 1, குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்துக்கு 4 என்று தனித்தனி எண். பாடக் குறியீட்டிலும் ஒரு சிக்கல் இருக்கிறது: ஒரே பாடம் சாதாரணமாகவும், 'எஸ்.எஸ்.' என்று சுயநிதிப் பிரிவாகவும் இருக்கும், கட்டணம் வேறு. சில இடங்களில் தமிழ்வழிப் பிரிவும் தனிக் குறியீட்டில் வரும்.

இடஒதுக்கீட்டுக்காகப் பட்டியலில் எதையும் மாற்ற வேண்டியதில்லை. 69 சதவீதத்தின் பங்கீடு: பி.சி. 26.5, பி.சி. முஸ்லிம் 3.5, எம்.பி.சி., டி.என்.சி. (சீர்மரபினர்) சேர்த்து 20, எஸ்.சி. 15, அருந்ததியர் 3, எஸ்.டி. 1. மீதி 31 பொதுப் போட்டி, அதில் எல்லாப் பிரிவினரும் வருவார்கள். பொதுப் போட்டியில் இடம் இருந்தால் அதிலும், இல்லாவிட்டால் உங்கள் பிரிவிலும் கணினியே பார்த்துக்கொள்ளும். பி.சி. மாணவருக்குப் பொதுப் போட்டியில் இடம் கிடைத்தால் அது அவர் உரிமை, பி.சி. இடம் இன்னொரு பி.சி. மாணவருக்கு மிச்சமாகிறது.

ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் 2 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத முன்னுரிமை ஒதுக்கீடு. மருத்துவத்துக்கு 2020இல் வந்தது, 2021இல் பொறியியலுக்கும் நீட்டினார்கள். அரசு உதவிபெறும் பள்ளி இதில் வராது. இந்த இடத்தில் குழம்புபவர்கள் அதிகம். இந்த ஒதுக்கீட்டில் சேர்பவரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. ஆகவே பொதுக் கலந்தாய்விலும் சீட் வந்தால், கல்லூரியை மட்டும் ஒப்பிடாமல் நான்கு ஆண்டுச் செலவையும் சேர்த்து ஒப்பிட்டு முடிவெடுங்கள்.

பட்டியலை லாக் செய்யும்வரை எத்தனை முறையும் மாற்றலாம். லாக் செய்ய ஓ.டி.பி. வரும். இங்கேதான் இன்னொருவரின் சுயநலம் நுழைகிறது. சேர்த்துவிடும் தலைக்குக் கமிஷன் வாங்கும் ஆட்கள், "நாங்களே ஃபில் பண்ணித் தர்றோம்" என்று பாஸ்வேர்டையும் ஓ.டி.பி.யையும் வாங்கி, தங்களுக்குப் பணம் தரும் கல்லூரியை மேலே தள்ளிவிடுவார்கள். மேலே சொன்ன கணக்குப்படி, அந்த ஒரு கல்லூரி முதலிடத்தில் இருந்தால் போதும், கீழே இருக்கும் அத்தனையும் செத்த மாதிரிதான். ப்ரவுசிங் சென்டரில் போட்டாலும் பக்கத்தில் உட்கார்ந்து நீங்களே வரிசையைப் படித்துப் பார்த்து லாக் செய்யுங்கள். கணினி இல்லாதவர்கள் அரசின் உதவி மையத்துக்கே போகலாம்.

தற்காலிக அலாட்மெண்ட் வந்ததும் உறுதி செய்ய வழக்கமாக இரண்டு நாள். முக்கியமான வாய்ப்புகள் நான்கு. ஏற்றுக்கொண்டு சேர்வது. ஏற்றுக்கொண்டு அப்வர்டு கேட்பது: மேலே உள்ள சாய்ஸ் காலியானால் அது வரும், இல்லாவிட்டால் இருப்பது நிலைக்கும். மறுத்துவிட்டு அப்வர்டு கேட்பது: மேலே கிடைக்காவிட்டால் கையில் எதுவும் இருக்காது. மறுத்துவிட்டு அடுத்த சுற்றுக்குப் போவது: அங்கே மிச்சமிருக்கும் இடங்கள்தான் இருக்கும். மேலே வேறொன்று மேல் ஆசை இருக்கிறதென்றால் இரண்டாவதே பெரும்பாலோருக்குப் பொருந்தும். அதில் ஒரு சிக்கல் உண்டு: மேலே இருப்பது வந்துவிட்டால் பழைய சீட் தானாக ரத்தாகிவிடும், "பழையதே போதும்" என்று திரும்ப முடியாது. எதையும் தேர்ந்தெடுக்காமல் விட்டால் சீட்டும் போய்விடும்.

சேர்வதாகச் சொன்னவர் அட்டவணையில் உள்ள நாளுக்குள் கல்லூரிக்குப் போய்க் கட்டணம் கட்ட வேண்டும். அப்வர்டு கேட்டவர் உதவி மையத்தில் முன்பணம் கட்ட வேண்டும். 2022இல் இந்தக் கெடுவைக் கறாராக்கியதற்குக் காரணம் இருக்கிறது. மருத்துவமோ என்.ஐ.டி.யோ கிடைக்கும் என்று காத்திருப்பவர்கள் இங்கே ஒரு சீட்டைப் பிடித்துவைத்துக்கொண்டு, கடைசியில் சேராமலே போய்விடுவார்கள். அந்த இடங்கள் வெறுமனே கிடந்தன. இப்போது கெடுவுக்குள் சேராதவரின் சீட் திரும்ப எடுக்கப்பட்டு, அப்வர்டில் காத்திருப்பவர்களுக்குப் போகிறது.

எல்லாச் சுற்றும் முடிந்தபின் மீதமுள்ள இடங்களுக்குத் துணைக் கலந்தாய்வு நடக்கும். பிளஸ் 2 துணைத் தேர்வில் தேறியவர்கள் இதில் விண்ணப்பிக்கலாம். அருந்ததியர் பிரிவில் நிரம்பாத இடங்கள் அதன்பின் மற்ற எஸ்.சி. மாணவர்களுக்குத் தனிக் கலந்தாய்வில் வரும். முந்தைய சுற்றில் எதிர்பார்த்தது கிடைக்காத எஸ்.சி. மாணவர்கள் இந்தத் தேதியைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.